பலகைக்கு ஒரு சாண் முன்னால்

ஜூன் 9

தம்பிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். அம்மா நன்றாக இருக்கிறாள். உன் முகவரியைக் கொடுத்ததே அவள்தான். கொடுக்கும்போது, "சண்டை போடறதுக்கா?" என்று கேட்டாள். "இல்லம்மா, சந்தேகம் கேக்கறதுக்கு" என்றேன். நம்பவில்லை.

போனில் கேட்டிருக்கலாம். நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் இரண்டாவது நிமிஷம் நாம் இருவரும் பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்த மைதானத்தில் போய் நிற்போம். நீ தாண்டிய தாண்டலுக்கு நான் தப்பு என்று சிவப்புக் கொடி தூக்கினேன். நீ ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வெளியே போனாய். அன்றோடு நமக்குள் பேச்சு நின்றது. அதைக் கிளற இந்தக் கடிதம் எழுதவில்லை. எனக்கு இப்போது வேறு தலைவலி.

எங்கள் பள்ளியில் தடகளம் சொல்லிக்கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் ஸ்போர்ட்ஸ்தானே மேடம், ஜம்ப்பையும் சேர்த்துப் பார்த்துக்கங்க" என்று தலையில் கட்டிவிட்டார். கண் டாக்டரிடம் போய்ப் பல்லைக் காட்டுகிற கதைதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் வலையும் ராக்கெட்டும் ஷட்டிலும். நீளம் தாண்டுதலில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் மணலில் விழ வேண்டும் என்பது.

செப்டம்பர் இருபதாம் தேதி போட்டி. ஒரு பெண் இருக்கிறாள், பதின்மூன்று வயது, பிள்ளைகள் அவளைத் தட்டான் என்று கூப்பிடுகிறார்கள். ஓட்டம் பிரமாதம். ஆனால் எம்புவதற்குப் பதித்திருக்கிற பலகைக்குப் பக்கத்தில் வந்ததும் நாலு குட்டி ஸ்டெப் வைத்து, தயங்கி, ஒரு வழியாகக் குதிக்கிறாள். ஒரு நாள் வலது கால், ஒரு நாள் இடது கால். எந்தக் காலில் எம்பச் சொல்வது? எங்கிருந்து ஓடச் சொல்வது? தெரியாமல் சொல்லிக்கொடுத்து அவள் முட்டியைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

எனக்காக வேண்டாம். அந்தப் பிள்ளைக்காக நாலு வரி எழுது.

அக்கா


ஜூன் 17

உங்கள் கடிதம் கிடைத்தது.

எம்பும் காலை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். முழங்கால் உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, யோசிக்காமல் ஓடித் தாண்டச் சொல்லுங்கள். பத்து தடவை. எந்தக் கால் அதிகமாக வருகிறதோ அதுதான் அவள் கால். வலது கைக்காரிக்கு இடது கால் வரும், பெரும்பாலும்.

ஓட்டத்தைப் பலகையிலிருந்து திருப்பி அளக்க வேண்டும். அவளைப் பலகையில் நிறுத்தி, மணல் குழிக்கு முதுகைக் காட்டி ஓடவிடுங்கள். பதின்மூன்றாவது ஸ்டெப் எங்கே விழுகிறதோ அங்கே ஒரு குச்சி நடுங்கள். அங்கிருந்து திரும்பி ஓடினால் கால் பலகையில் வந்து விழும். முதல் நாள் விழாது. ஒரு வாரத்தில் விழும்.

பலகையைப் பார்க்கவே கூடாது. பார்ப்பதால்தான் குட்டி ஸ்டெப் வைக்கிறாள். குழிக்கு அந்தப் பக்கம் ஒரு மரமோ கம்பமோ இருந்தால் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசிக்கு முந்தின ஸ்டெப் கொஞ்சம் நீளம், இடுப்பு கொஞ்சம் இறங்கும். கடைசி ஸ்டெப் சின்னது. பாதம் முழுசாகப் பட வேண்டும், நுனியில் அல்ல. முட்டியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மணலை நன்றாகக் கிளறிப் போடுங்கள், அது போதும்.

நான் தடகளம் சொல்லிக்கொடுக்கிற இடத்திலும் ஒரு கூத்து. புதிதாக உள்ளரங்கம் கட்டியிருக்கிறார்கள். இரண்டு ஷட்டில் வலை, நாற்பது ராக்கெட். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று என்னிடம் விட்டுவிட்டார்கள். நான் உதவி கேட்கவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. நீங்கள் கொடி தூக்கிய அன்று என் கால் கோட்டை எவ்வளவு தாண்டியிருந்தது?


ஜூன் 25

தம்பிக்கு,

நீங்களா? எப்போதிலிருந்து நான் உனக்கு நீங்கள் ஆனேன்? ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே சைக்கிளுக்குச் சண்டை போட்டு, என் கையில் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. கடித்தவன் மரியாதை கொடுக்கிறான்.

கயிற்றில் பத்துக்கு ஒன்பது இடது கால். ஆச்சரியமாக இருக்கிறது தெரியுமா? என் ஆட்டத்தில் வலது கைக்காரர்கள் ஷட்டிலை எட்டி எடுக்கக் கடைசியில் வலது காலைத்தான் நீட்டுவார்கள். அதே பெண், அதே உடம்பு, வலைக்கு முன்னால் வலது கால், குழிக்கு முன்னால் இடது கால். அவளிடம் கேட்டேன், எப்படித் தெரிகிறது என்று. "எனக்கென்ன தெரியும் மிஸ், காலுக்குத் தெரியுது" என்றாள்.

நீ உதவி கேட்கவில்லை, சரி. நானும் உதவி செய்யவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். உன் பிள்ளைகள் ராக்கெட்டைத் தோசைத் திருப்பி பிடிப்பது போல் பிடிப்பார்கள். பந்தயம் கட்டுகிறேன். ராக்கெட்டை நட்டக்குத்தலாக நிறுத்தி, அதோடு கை குலுக்கச் சொல். அதுதான் பிடி. இறுக்கக் கூடாது, அடிக்கிற அந்த நொடிக்கு மட்டும் இறுக வேண்டும். எதிராளி அடிக்கும்போது சும்மா நிற்காமல் ஒரு சின்னத் துள்ளல், இரண்டு காலும் அகன்று விழ வேண்டும். அந்தத் துள்ளல் இல்லாதவன் எந்தப் பக்கமும் போக முடியாது.

சர்வீஸில் விட்டுக்கொடுக்காதே. ராக்கெட் ஷட்டிலைத் தொடும் வரை இரண்டு காலும் தரையில், கட்டத்துக்குள். கோட்டின் மேல் கால் நுனி பட்டாலும் தப்பு. என் பிள்ளைகள் என்னைக் கோட்டுக்காரி என்கிறார்கள். சொல்லட்டும். கோட்டில் கால் வைப்பவனை என் கண் விடாது.

நீ கேட்ட அந்தப் பழைய கேள்வியை விடு. செத்த பாம்பை எதற்கு அடிக்கிறாய்?

அக்கா


ஜூலை 6

அக்காவுக்கு,

பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். முப்பத்தெட்டுப் பேர் தோசைத் திருப்பி. மீதி இரண்டு பேர் ராக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள்.

கை குலுக்கும் வேலை நன்றாக நடக்கிறது. ஒருவன் தினமும் ராக்கெட்டிடம், "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிடிக்கிறான். அந்தத் துள்ளல்தான் தண்ணி காட்டுகிறது. என் பிள்ளைகள் தாண்டிப் பழகியவர்கள். துள்ளச் சொன்னால் வலையைத் தாண்டப் பார்க்கிறார்கள்.

ஒன்று புரியவில்லை. ஷட்டில் கோட்டில் விழுந்தால் உள்ளே என்கிறார்கள். சர்வீஸ் போடுபவன் கால் கோட்டில் பட்டால் தப்பு என்கிறாய். ஒரே கோடு, ஷட்டிலுக்கு நல்லது, காலுக்குக் கெட்டதா? யார் உட்கார்ந்து யோசித்தார்கள் இதை?

உன் தட்டானுக்கு அடுத்த பாடம். விழும்போது இரண்டு காலும் முன்னால் நீள வேண்டும், உடம்பு கால் மேல் சுருண்டு முன்னுக்குப் போக வேண்டும். பின்னால் கையை ஊன்றினால் கை பட்ட இடத்திலிருந்துதான் அளப்பார்கள், அத்தனையும் வீண். உயரம் தாண்ட ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் கத்திரிக்கோல் மாதிரி காலை வீசித் தாண்டுவது போதும், அதற்குள் வளைந்து ஓடும் வேலை வேண்டாம்.

முக்கியமானது இது. அவள் ஓட்டம் நிலைக்கு வந்ததும் குச்சியைப் பின்னால் தள்ளு. பலகைக்கு ஒரு சாண் முன்னாலேயே அவள் எம்ப வேண்டும். பலகையைத் தொடவே விடாதே. என் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதுதான் சட்டம். ஏழு வருஷத்தில் ஒரே ஒரு சிவப்புக் கொடிகூட வாங்கியதில்லை.

செப்டம்பர் போட்டிக்கு இங்கிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். நான் வருவதில்லை, உதவியாளரை அனுப்புவேன். நான் போட்டி மைதானத்துக்கே போவதில்லை.

பாம்பு சாகவில்லை அக்கா. ஒரு விரலா, இரண்டு விரலா? அதை மட்டும் சொல்.

தம்பி


ஜூலை 15

தம்பிக்கு,

மூன்றாவது பத்தியில் நீ ஆகிவிட்டேன். கவனித்தேன். சந்தோஷம்.

கோட்டு விஷயம் நீ கேட்டதிலிருந்து எனக்கே குழப்பமாக இருக்கிறது. இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், ஒருநாளும் ஏன் என்று யோசித்ததில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கோடு ஒவ்வொரு மாதிரி போலிருக்கிறது. ஓட்டப் பந்தயத்தில் எப்படி? பந்து விளையாட்டில் எப்படி? வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "மேடத்துக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று ஆசிரியர் அறையில் பேச்சு.

இப்போது என் பெரிய சந்தேகத்துக்கு வருகிறேன். நேற்று நாடாவை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனேன். நீ சொன்னபடி தட்டான் பலகைக்கு ஒரு சாண் முன்னால் எம்பினாள். சுத்தமான தாண்டல். அளந்தோம். அளக்கும்போது நாடாவைப் பிடித்த பிள்ளை குழிப் பக்கத்து விளிம்பில் வைத்தாள். அங்கிருந்துதான் அளக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்திலும் இருக்கிறதாம். அப்படியானால் எம்பிய இடத்துக்கும் அந்த விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண், அதோடு பலகையின் அகலம் இன்னொரு சாண். ஒரு முழம். அவள் காற்றில் கடந்த அந்த ஒரு முழம் கணக்கில் வரவே இல்லை.

அந்த முழம் யாருக்குத் தானம்?

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு முழம் என்றால் முதல் இடத்துக்கும் ஏழாம் இடத்துக்கும் உள்ள தூரம். உன் பிள்ளைகள் சிவப்பு வாங்கியதில்லை என்றாய். பதக்கம் வாங்கியிருக்கிறார்களா? குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். உன் மாதிரித் தாண்டியவன் ஏன் இப்படிச் சொல்லிக்கொடுக்கிறான்?

அக்கா


ஜூலை 24

அக்காவுக்கு,

ஏழு வருஷத்தில் ஒரு மூன்றாம் இடம். அவ்வளவுதான். போதுமா?

யாருக்குத் தானம் என்று கேட்டாய். உனக்குத்தான். உன் கொடிக்கு. அன்று நாலாவது தாண்டல். முதல் மூன்றிலும் மூன்றாம் இடத்தில் இருந்தேன். முதல் இரண்டு பேருக்குத்தான் பயிற்சி முகாம். நாலாவதில் ஓடும்போதே தெரிந்துவிட்டது, இதுதான் என்று. விழுந்து எழுந்து பார்க்கிறேன், என் தடம் எல்லார் தடத்துக்கும் அந்தப் பக்கம் கிடக்கிறது. திரும்பினால் சிவப்பு. கொடியைப் பிடித்திருந்தது என் அக்கா. மணலைக் கிளறிவிட்டார்கள். அளக்கவே இல்லை. அது எவ்வளவு என்று இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

முதலில் நீ பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன். தம்பிக்குச் சாய்ந்தாள் என்று பேர் வரக் கூடாதென்று தூக்கினாய் என்றும் நினைத்தேன். ஆனால் உன் கண்ணை எனக்குத் தெரியும். ஷட்டில் மயிரிழை வெளியே விழுந்தாலும் சொல்லிவிடுவாய். ஒருநாளும் தப்பியதில்லை. அதனால் கடைசியில் நம்பினேன். தாண்டியிருக்கிறேன், இரண்டு விரலாவது தாண்டியிருக்கிறேன். இரண்டு விரலில் என் வாழ்க்கை போனதென்றால் என் பிள்ளைகளுக்கு ஒரு சாண் வைக்கிறேன். அவ்வளவுதான் காரணம்.

உன் பெண்ணுக்கு இது வேண்டாமென்றால் விதியைத் தெளிவாகச் சொல்லிக்கொடு. பலகை வெள்ளை, ஒரு சாண் அகலம். அதன் மேல் கால் வைக்கலாம். வைக்கத்தான் வேண்டும், அதற்காகத்தான் பதித்திருக்கிறார்கள். முழுப் பாதமும் வெள்ளையின் மேல் இருந்தாலும் நல்ல தாண்டல்தான். குழிப் பக்க விளிம்புதான் கோடு. அந்த விளிம்பைக் கால் நுனி தாண்டினால்தான் தப்பு.

இதெல்லாம் உனக்குத் தெரியாதா என்ன? கொடி பிடித்தவள்தானே.

தம்பி


ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

தெரியாது.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு ஆறு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று நான் அந்த மைதானத்துக்கு ஷட்டில் ஆட்டத்துக்கு நடுவராக வந்தவள். பலகையருகே கொடி பிடித்து நின்றவருக்கு வெயிலில் தலைசுற்றி உட்காரவைத்துவிட்டார்கள். "ஒரு ரவுண்டுக்கு நில்லுங்க மேடம், வந்துடுவாரு" என்று இரண்டு கொடியைக் கையில் கொடுத்தார்கள். "சரின்னா வெள்ளை, தப்புன்னா சிவப்பு." எது சரி, எது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் என் மரியாதை என்னாவது? கோட்டுக்காரி இல்லையா நான்?

என் ஆட்டத்தில் கோட்டில் கால் பட்டால் தப்பு. அந்த வெள்ளைப் பலகை முழுவதையும் நான் கோடு என்று நினைத்தேன். உன் கால் வெள்ளையின் மேல் விழுந்தது. சிவப்பைத் தூக்கினேன். அந்த ரவுண்டில் உனக்கு முன்னால் இன்னொருவனுக்கும் தூக்கினேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த தாண்டலுக்குப் போய்விட்டான். நீ கத்தினாய். "நான் பார்த்தேன், தப்புதான்" என்றேன். பதினோரு வருஷமாக அதையே சொன்னேன். அம்மாவிடம், எல்லாரிடமும். நாம் இருவரும் என் கண்ணைப் பற்றியே சண்டை போட்டோம். கண்ணில் கோளாறு இல்லை.

எவ்வளவு தாண்டியது என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே. எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை, அதனால்தான் பதில் சொல்லாமல் நழுவினேன். இப்போது சொல்கிறேன். தாண்டவே இல்லை. உன் ஷூ நுனிக்கும் அந்த விளிம்புக்கும் நடுவில் மூன்று விரல் வெள்ளை தெரிந்தது. இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் தூக்கினேன்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கூசுகிறது. உன் இடத்தில் நான் இருந்தால் மன்னிக்க மாட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 12

நீங்கள் எழுதியது கிடைத்தது.

வேறு ஒன்றும் எழுத வரவில்லை.


ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

பதிலுக்காக எழுதவில்லை. தகவலுக்காக.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். "அப்ப இனிமே அவன் பாடு" என்று எழுந்து போய்விட்டாள். அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைய போட்டியை நடத்தியவர்களில் ஒருவர் இன்னும் இருக்கிறார். அவரைப் போய்ப் பார்த்து நடந்ததை எழுதிக் கொடுத்தேன். "இத்தனை வருஷம் கழிச்சு இதை வச்சு என்ன மேடம் பண்றது?" என்றார். ஒன்றும் பண்ண முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்கேயாவது ஒரு காகிதத்திலாவது உன் தாண்டல் நல்ல தாண்டல் என்று இருக்கட்டும்.

நான் கிளம்பும்போது அவரே, செப்டம்பர் போட்டியில் பெரிய பையன்கள் பிரிவுக்குப் பலகையில் நிற்க ஆள் இல்லை, நிற்கிறீர்களா என்று கேட்டார். உன் பிள்ளைகள் இருக்கிற பிரிவு. முடியாது என்றேன். அந்தக் கொடியை இனி நான் தொட மாட்டேன்.

தட்டான் இப்போது பலகையை மிதிக்கிறாள். பத்துக்கு ஏழு.

அக்கா


செப்டம்பர் 8

அக்கா,

கோபம் வந்தது. சாதாரணக் கோபமில்லை. பத்து நாள் உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டே திரிந்தேன். உள்ளரங்கத்தில் ஷட்டிலை அடித்த அடியில் இரண்டு ராக்கெட் நரம்பு போயிற்று. பிள்ளைகள், "சார் ஸ்மாஷ் கத்துக்கிட்டாரு" என்று கை தட்டினார்கள். வீட்டில் என் மனைவிதான் ஒருநாள் சொன்னாள், "பதினோரு வருஷமா அந்த அளவு தெரியலைன்னு புலம்பினீங்க. இப்ப சொல்லிட்டாங்க இல்ல? அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

மூன்று விரல் வெள்ளை. அதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

போன வாரம் காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் குழிக்குப் போனேன். மணலைக் கிளறினேன். நானே ஓட்டத்தை அளந்து, குச்சி நட்டு, ஓடினேன். பலகையை மிதிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மிதிக்க முடியவில்லை அக்கா. ஒவ்வொரு தடவையும் என் கால் ஒரு சாண் முன்னாலேயே எம்பிவிடுகிறது. குச்சியை முன்னால் நகர்த்தினேன், அப்போதும் அப்படியே. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது என் காலுக்குள்ளும் போய்விட்டிருக்கிறது. ஒன்பதாவது தடவைதான் மிதித்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்தேன். அது வேறு.

படுத்துக் கிடந்தபோதுதான் அந்த இன்னொருவனை நினைத்தேன். தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த தாண்டலுக்குப் போனானே, அவன். அவனுக்கும் அதே சிவப்புதான். எனக்கும் இன்னும் இரண்டு தாண்டல் பாக்கி இருந்தது. ஐந்தாவது, ஆறாவது. யாரும் பிடுங்கவில்லை. நான்தான் ஷூவைக் கழற்றினேன். நீ ஒரு தாண்டலுக்குத்தான் சிவப்பு தூக்கினாய். மீதி இரண்டுக்கும் நானே தூக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு என்னிடம் படித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தூக்கியிருக்கிறேன், கொடியே இல்லாமல்.

பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். "நான் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன். இனிமே வெள்ளைய மிதிங்க." முதல் நாள் பதினொரு பேருக்குச் சிவப்பு. கொடி பிடித்தது நான். ராக்கெட்டிடம் சௌக்கியமா என்று கேட்பவன் இரண்டாம் நாள் பலகையை நடுவில் மிதித்துப் போய் விழுந்தான். அளந்தோம். அவனுடைய பழைய அளவை விட ஒரு முழம். அவன் நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றான், என்னைப் பார்க்கவில்லை. நல்லவேளை.

உன் மேல் கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். வைத்துக்கொண்டுதான் வருகிறேன். ஆமாம், வருகிறேன். இருபதாம் தேதி உதவியாளர் இல்லை, நான்.

அந்த ஆளிடம் போய், பலகையில் நிற்கிறேன் என்று சொல். விதி தெரிந்த ஆள் உன்னை விட்டால் அங்கே யார் இருக்கிறார்கள்? உன் கண் தப்பாது, எனக்குத் தெரியும். என் பிள்ளை விளிம்பைத் தாண்டினால் சிவப்பு தூக்கு, நான் வாயைத் திறக்க மாட்டேன்.

வெள்ளை தூக்கும்போது மட்டும் கையை நன்றாக மேலே தூக்கு. நான் குழிக்கு அந்தப் பக்கம், பிள்ளைகள் பார்த்து ஓடுகிற இடத்தில் நிற்பேன். எனக்கு அங்கிருந்து தெரிய வேண்டும். உன் கையில் அதை நான் இன்னும் பார்த்ததில்லை.

தம்பி